எதிரணியை எடைபோட்ட கணக்கு

அமெரிக்காவில் வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரும்வரை பேஸ்பால் பருவம். பெரிய அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் என்றே சொல்லிவிடலாம். ஓர் அணி இன்னோர் ஊருக்குச் சென்றால் ஒரே ஆட்டத்தோடு திரும்பிவிடாது. அங்கேயே தங்கி மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் புறப்படும். இதற்குத் தொடர் என்று பெயர். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் நடப்பது வார இறுதித் தொடர்.

வியாழக்கிழமை மாலையே ரசிகர்களின் வேலை ஆரம்பமாகிவிடும். வருகிற அணி எப்படிப்பட்டது? வெள்ளிக்கிழமை பந்தெறியப் போகிறவர் யார்? கடைசிப் பத்து ஆட்டங்களில் எத்தனை வென்றார்கள்? யாருக்குக் காயம்? மூன்றில் இரண்டையாவது நாம் எடுத்துவிடுவோமா? முடிதிருத்தும் கடையிலும் ரயில் பெட்டியிலும் இந்தப் பேச்சு நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

இதில் அறிவியலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நடந்து முடிந்தவற்றின் எண்களை வைத்து, இனி நடக்கப்போவதைச் சொல்ல முயல்கிறார்கள் அல்லவா? அப்படிச் செய்யும்போது, அந்த எண்களில் எவ்வளவு திறமை, எவ்வளவு தற்செயல் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளவீடு எடுக்கிற மாணவனுக்கும் இதே தொல்லைதான். பேஸ்பால் ரசிகர்கள் இந்தத் தொல்லையைத் தீர்க்க நூற்றைம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். தீர்த்தவர்களில் பலர் ஆட்டக்காரர்களும் அல்லர், பயிற்சியாளர்களும் அல்லர்.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 9 பேர். ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். எறியாளர் பந்தை எறிவார்; மட்டையாளர் அதை அடித்துவிட்டு ஓடுவார். சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். எறியாளர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்து, மட்டையாளர் அவற்றைத் தொடாமல் விட்டால், அவர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதை 'நடை' என்பார்கள். இந்த நடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மீண்டும் வரும்.

கிரிக்கெட்டிலிருந்து வந்த கணக்கர்

பேஸ்பாலுக்கு எண்களைக் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரில் 1824-ல் பிறந்து, சிறுவனாகவே குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து புரூக்ளினில் வளர்ந்தவர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிப் பிழைத்தவர். 1850-களில் பேஸ்பால் அவர் கண்ணில் பட்டது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு மட்டையாளரின் பெயருக்கு நேரே எண்கள் இருக்கும். அதே முறையில், ஓர் ஆட்டம் முழுவதையும் ஒரு கைப்பிடியளவு கட்டத்துக்குள் அடக்கும் அட்டவணையை 1859-ல் அவர் வெளியிட்டார். ஆட்டத்தைப் பார்க்காதவர்கூட மறுநாள் பத்திரிகையைப் பிரித்து, யார் எப்படி ஆடினார் என்று அறிந்துகொள்ள முடிந்தது.

இதன் விளைவு பெரிது. அதுவரை எதிரணியைப் பற்றி அறிய அவர்களை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்க வேண்டும். இப்போது சிகாகோ ரசிகன் பாஸ்டன் அணியின் நிலையைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கணக்கிடலாம்.

சாட்விக் விட்டுச் சென்ற குறையும் ஒன்று உண்டு. மட்டையாளரின் 'அடி சராசரி' என்பது வெற்றிகரமான அடிகளை, அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளால் வகுத்து வருவது. நடை இதில் சேராது. அது எறியாளரின் பிழை, அடிப்பவரின் திறமையில்லை என்பது அவர் காலத்துக் கருத்து. 1887-ஆம் ஆண்டில் மட்டும் நடையையும் அடியாக எண்ணிப் பார்த்தார்கள். சராசரிகள் திடீரென வீங்கிப்போனதைக் கண்டு மறு ஆண்டே கைவிட்டார்கள். பந்தைப் பொறுமையோடு பார்த்து விட்டுவிடுவதும் ஒரு திறமையே என்று ஒப்புக்கொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஒரு வசதியான எண் கிடைத்துவிட்டால் அது எதை அளக்கிறது என்று கேட்பதையே நாம் மறந்துவிடுகிறோம். தேர்வு மதிப்பெண்களைத் திருத்துகிற ஆசிரியன் என்ற முறையில் இதை நான் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

வார இறுதித் தொடரும் எளிதில் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பதால் கிழக்கு மாநிலங்களில் அன்று ஆட்டம் நடத்தச் சட்டத் தடை இருந்தது. நியூயார்க்கில் 1919-லும், பாஸ்டனில் 1929-லும், பிலடெல்பியாவில் 1934-லும்தான் ஞாயிறு ஆட்டங்கள் நிலைபெற்றன. மின்விளக்கொளியில் பெரிய அணிகளின் முதல் இரவு ஆட்டம் 1935 மே 24-ல் சின்சினாட்டியில் நடந்தது. அதன்பிறகே வெள்ளி இரவு, சனி, ஞாயிறு என்ற மூன்று நாள் வழக்கத்துக்கு இடம் ஏற்பட்டது.

1906, சிகாகோ

எதிரணியை எடைபோடுவதில் ரசிகர்கள் கண்ட மிகப் பெரிய அதிர்ச்சி 1906-ல் வந்தது. அவ்வாண்டு இரு பெரிய குழுமங்களிலும் முதலிடம் பெற்ற அணிகள் இரண்டும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஒன்று சிகாகோ கப்ஸ்: 116 வெற்றி, 36 தோல்வி. அப்படியொரு வெற்றி விகிதத்தை இன்றுவரை எந்தப் பெரிய அணியும் தாண்டவில்லை. மற்றது சிகாகோ ஒயிட் சாக்ஸ்: 93 வெற்றி, 58 தோல்வி. அதன் அடி சராசரி 0.230, அதன் குழுமத்தில் இருந்த எட்டு அணிகளிலும் அதுவே கடைசி. 'அடியில்லா அதிசயங்கள்' என்று பத்திரிகைகள் கேலியாகப் பெயர் வைத்திருந்தன. இரண்டும் ஏழு ஆட்ட உலகத் தொடரில் மோதவிருந்தன. முடிவு என்னவாக இருக்கும் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயமில்லை.

ஒருவருக்கு மட்டும் இருந்தது. ஹியூ புல்லர்ட்டன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் இரு அணிகளையும் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒயிட் சாக்ஸின் எறியாளர்கள் கப்ஸைக் கட்டிப் போடுவார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் கட்டுரையை வெளியிட்டால் ஊர் சிரிக்கும் என்று ஆசிரியர் அதை நிறுத்தி வைத்து, தொடர் முடிந்த பிறகே அச்சிட்டார் என்பது பத்திரிகை உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

ஒயிட் சாக்ஸ் ஆறே ஆட்டங்களில், 4–2 என்ற கணக்கில் வென்றது. மூன்றாம் ஆட்டத்தில் எட் வால்ஷ் என்ற எறியாளர் 12 பேரை அடிக்கவிடாமலே வெளியேற்றி, கப்ஸுக்கு ஓர் ஓட்டமும் தராமல் முடித்தார்.

புல்லர்ட்டன் சரியாகக் கணித்தார் என்று புகழ்வது எளிது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊரார் கணிப்பு உண்மையிலேயே தவறா? சரியான கணிப்பாக இருந்தும் தோற்றுப்போயிருக்கலாம் அல்லவா? 1906-ல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி யாரிடமும் இல்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள்

கருவி மெல்ல உருவாயிற்று. 1916-ல் எஃப். சி. லேன் என்ற பத்திரிகை ஆசிரியர் அடி சராசரியை வெளிப்படையாகத் தாக்கினார். ஒரு தளம் ஓடும் அடியையும் நான்கு தளமும் ஓடும் ஹோம் ரன்னையும் ஒன்றென எண்ணுவது, ஒருவன் பையிலுள்ள சில்லறைகளை மதிப்புப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் சொல்வது போன்றது என்பது அவர் வாதம். வாதத்தை ரசித்தார்களே தவிர, யாரும் கணக்கை மாற்றவில்லை.

1947-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, ஆலன் ராத் என்ற மான்ட்ரியால்காரரை முழுநேரப் புள்ளியியலாளராக நியமித்தது. இடக்கை எறியாளரிடம் ஒருவர் எப்படி அடிக்கிறார், வலக்கை எறியாளரிடம் எப்படி என்று பிரித்து எழுதி வைத்தவர் அவர். அடி சராசரியைவிட, நடையையும் சேர்த்து எத்தனை முறை தளத்தை எட்டுகிறார் என்பதே முக்கியம் என்று ராத்தும் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியும் கண்டனர்.

இயற்பியல் படித்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜார்ஜ் லின்ட்சே. கேம்பிரிட்ஜில் அணுக்கருவியலில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் பணியாற்றியவர். அவருடைய தந்தை ஓய்வுபெற்ற இராணுவ கர்னல், பேஸ்பால் பித்தர். மகன் வேண்டியபடி, நூற்றுக்கணக்கான ஆட்டங்களை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தாளில் குறித்துக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து லின்ட்சே 1963-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். எந்தத் தளத்தில் ஓட்டக்காரர் நிற்கிறார், எத்தனை பேர் ஆட்டமிழந்திருக்கிறார்கள் என்ற 24 நிலைகளிலும் அந்த இன்னிங்ஸில் இனிச் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வரும் என்று அதில் அட்டவணையிட்டார். வெப்ப இயக்கவியலில் ஒரு பொருளின் நிலையைச் சொன்னால் போதும், அது அங்கு எப்படி வந்தது என்ற வரலாறு வேண்டாம் அல்லவா? அதே சிந்தனைதான் இது.

யாரும் ஆட்டமிழக்காமல், முதல் தளத்தில் ஒருவர் நின்றால் எதிர்பார்க்கத்தக்க ஓட்டம் 0.81. மட்டையாளர் தன்னைத் தியாகம் செய்து பந்தை மெல்லத் தட்டி, அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்துவது பழைய பயிற்சியாளர்களின் செல்ல உத்தி. அதன் பிறகுள்ள நிலையின் மதிப்போ 0.67. ஓர் ஆளை இழந்ததோடு ஓட்டத்தையும் இழக்கிறார்கள்! ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஓட்டம் போதும் என்ற கட்டத்தில் கணக்கு வேறாகும் என்பதையும் அவர் காட்டினார்.

1971-ல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் 16 பேர் கூடிப் பேஸ்பால் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். ஆட்டத்தை எண்ணால் ஆராயும் துறைக்கு இன்று வழங்கும் 'சேபர்மெட்ரிக்ஸ்' என்ற பெயர் அந்தக் கழகத்தின் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது.

காவற்காரரின் சூத்திரம்

அந்தப் பெயரைச் சூட்டியவர் பில் ஜேம்ஸ். கேன்சாஸ் மாநிலத்தில் பன்றியிறைச்சியும் அவரையும் டப்பியில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தவர். விடியும்வரை விழித்திருக்க வேண்டிய அந்த வேலையில், பத்திரிகைகளில் வந்த ஆட்ட அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டார். 1977-ல் அவர் தாமே வெளியிட்ட முதல் தொகுப்பு ஏறக்குறைய 75 பிரதிகளே விற்றது. மனந்தளராமல் ஆண்டுதோறும் வெளியிட்டார்.

அவர் கண்ட ஓர் எளிய சூத்திரம் இதுதான். ஓர் அணி பருவம் முழுவதும் எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணியின் வெற்றி விகிதம் ஏறக்குறைய வரும். செங்கோண முக்கோணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வர்க்கங்களைப் பார்த்ததும் பிதாகரஸ் பெயரை வைத்துவிட்டார். 800 ஓட்டம் எடுத்து 700 கொடுத்த அணிக்கு விகிதம் 0.566, அதாவது 162 ஆட்டங்களில் 92 வெற்றி.

வெற்றிகளையே நேராக எண்ணலாமே, சூத்திரம் எதற்கு? இங்கேதான் அழகு இருக்கிறது. ஓர் ஓட்ட வேறுபாட்டில் முடியும் ஆட்டங்களில் தற்செயலின் கை ஓங்கியிருக்கும். 2012-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 93 ஆட்டங்களில் வென்றது. ஆனால் எடுத்த ஓட்டம் 712, கொடுத்தது 705. சூத்திரப்படி 82 வெற்றிதான் நியாயம். மீதி 11 எங்கிருந்து வந்தன? ஓர் ஓட்டத்தில் முடிந்த 38 ஆட்டங்களில் 29-ஐ அவர்கள் வென்றிருந்தார்கள். மறு ஆண்டு அவ்வகை ஆட்டங்களில் 20-ல் வென்று 31-ல் தோற்றார்கள். மொத்த வெற்றியும் 85-க்கு இறங்கியது. எதிரணியின் வெற்றிப் பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம், ஓட்டக் கணக்கைப் பாருங்கள் என்பது வியாழக்கிழமை ரசிகனுக்குக் கிடைத்த முதல் பாடம்.

இரு அணிகள் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கும் ஜேம்ஸ் ஒரு வழி சொன்னார். ஒவ்வோர் அணிக்கும் வெற்றியைத் தோல்வியால் வகுத்து, அந்த இரண்டு எண்களின் விகிதத்தைக் காணுங்கள். நாம் விட்டுவந்த 1906-க்கே திரும்பிப் போவோம். கப்ஸுக்கு 116-ஐ 36-ஆல் வகுத்தால் 3.22. ஒயிட் சாக்ஸுக்கு 93-ஐ 58-ஆல் வகுத்தால் 1.60. விகிதம் 2-க்கு 1. ஆக, எந்த ஓர் ஆட்டத்திலும் கப்ஸ் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இதை ஏழு ஆட்டத் தொடருக்கு விரித்தால், கப்ஸ் தொடரை வெல்லும் நிகழ்தகவு 0.83, ஒயிட் சாக்ஸுக்கு 0.17. பகடையை ஒருமுறை உருட்டினால் ஒன்று விழும் நிகழ்தகவும் இதுவேதான். பகடையில் ஒன்று விழுந்தால் நாம் அதிசயப்படுவதில்லை. (இரு குழும அணிகளும் அந்நாளில் பருவ ஆட்டங்களில் தம்முள் மோதியதில்லை. எனவே ஒரு குழுமம் மற்றதைவிட வலுவாக இருந்திருந்தால் இந்த எண் மாறும்.)

மூன்று ஆட்டங்கள் எதைச் சொல்லும்?

வகுப்பில் மாணவர்களை ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொல்வது என் வழக்கம். ஏழோ அதற்கு மேலோ தலை விழுந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அறுபது பேர் வகுப்பில் ஏறக்குறைய பத்துப் பேர் எழுவார்கள். மொத்தம் 1024 வகைகளில் 176 அப்படிப்பட்டவை. மீண்டும் ஆறில் ஒன்று. எழுந்தவர்களை 'நல்ல ஃபார்மில் இருப்பவர்கள்' என்று நான் அறிமுகம் செய்தால் வகுப்பு சிரிக்கிறது. கடைசிப் பத்தில் ஏழு வென்ற எதிரணி வருகிறது என்று பத்திரிகை எழுதினால் ஊரே கலங்குகிறது.

பிழையின் அளவு, ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். சமபலம் கொண்ட அணியின் வெற்றி விகிதத்தில் 162 ஆட்டங்களுக்குப் பிறகு இருக்கும் திட்ட விலக்கம் 0.04. மூன்றே ஆட்டங்களில் அது 0.29. மிக நல்ல அணிக்கும் நடுத்தர அணிக்கும் உள்ள உண்மையான வேறுபாடோ 0.1 அளவுதான். மூன்று நாளில் அதைக் காண முயல்வது, மில்லிமீட்டர் தடிப்பை முழக்கோலால் அளப்பது போலாகும்.

97 வெற்றி பெறும் அணியும் 65 வெற்றி பெறும் அணியும் ஒரு வார இறுதியில் மோதுவதாகக் கொள்வோம். ஜேம்ஸின் வழிப்படி வலியதற்கு ஓர் ஆட்டத்தில் வாய்ப்பு 13-க்கு 9. அப்படியிருந்தும் மூன்றில் இரண்டை எளியது வென்று போகும் நிகழ்தகவு 0.23. ஏறக்குறைய நான்கு வார இறுதிகளுக்கு ஒருமுறை! கிரிக்கெட் டெஸ்டிலோ கூடைப்பந்திலோ வலிய அணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பேஸ்பாலில் இல்லை. உருண்டையான மட்டையால் உருண்டையான பந்தை அடிக்கும் ஆட்டம். மட்டை சில மில்லிமீட்டர் மேலே பட்டால் பந்து தரையில், கீழே பட்டால் வானத்தில்.

1984-இலிருந்து ரசிகர்கள் தாமே தொண்டர்களாகச் சேர்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பதியத் தொடங்கினார்கள்; அத்தகைய பதிவுகள் அதுவரை பொதுமக்கள் கைக்கு வந்ததில்லை. 2015 முதல் பெரிய அணிகளின் எல்லாத் திடல்களிலும் எறிந்த பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கருவிகள் அளக்கின்றன. வெள்ளிக்கிழமை எறியாளரின் பந்து நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பது வியாழக்கிழமை எந்த ரசிகருக்கும் கிடைக்கும். அளவீடு நுட்பமாயிற்று. ஆனால் மூன்று என்ற எண் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு

2004 அக்டோபரில் பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் ஏழு ஆட்டத் தொடரில் மோதின. யாங்கீஸ் அந்தப் பருவத்தில் 101 ஆட்டங்களிலும் பாஸ்டன் 98 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. பாஸ்டன் 1918-க்குப் பிறகு உலகத் தொடரை வென்றதில்லை. முதல் ஆட்டம் 10–7, இரண்டாவது 3–1, இரண்டும் யாங்கீஸுக்கே. அக்டோபர் 16, சனிக்கிழமை இரவு, பாஸ்டனின் சொந்தத் திடலிலேயே மூன்றாவது ஆட்டம்: 19–8, அதுவும் யாங்கீஸுக்கு. மூன்றும் போனபின் எழுந்து ஏழு ஆட்டத் தொடரை வென்ற பெரிய அணி அதுவரை ஒன்றுமில்லை.

ஓட்டக் கணக்கு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. பருவத்தில் பாஸ்டன் எடுத்தது 949, கொடுத்தது 768. யாங்கீஸ் எடுத்தது 897, கொடுத்தது 808. சூத்திரத்தில் போட்டால் பாஸ்டனுக்கு 98 வெற்றி, சரியாக அவர்கள் பெற்றதே. யாங்கீஸுக்கு 89 மட்டுமே. பெற்ற 101-ல் பன்னிரண்டு மிகை. இந்தக் கணக்குப்படி, ஓர் ஆட்டத்தில் பாஸ்டன் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 55. தொடர்ந்து நான்கை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அளவு. சிறியதுதான், ஆனால் சுழியன்று. அந்தக் காவற்காரர் பில் ஜேம்ஸ் அப்போது பாஸ்டன் அணியின் ஆலோசகராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு இரவு, நான்காம் ஆட்டம். ஒன்பதாம் இன்னிங்ஸில் பாஸ்டன் 3–4 என்று பின்தங்கியிருந்தது. எறிந்தவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதில் அவருக்கு இணை அந்நாளில் இல்லை. முதலில் வந்த கெவின் மில்லர் மட்டையை வீசாமல் நான்கு பந்துகளை விட்டார்: நடை. அடி சராசரியில் இதற்கு மதிப்பே கிடையாது. அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ், எல்லோரும் எதிர்பார்த்திருந்தும், இரண்டாம் தளத்தைத் திருடினார். லின்ட்சேயின் அட்டவணையில் இது 0.81-இலிருந்து 1.19-க்குத் தாவல். பில் முல்லரின் அடியில் ராபர்ட்ஸ் வந்து சேர, ஆட்டம் சமனாயிற்று. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் டேவிட் ஆர்ட்டிஸ் அடித்த ஹோம் ரன் அதை 6–4 என்று முடித்தது.

திங்களன்று 14 இன்னிங்ஸ் ஆடி 5–4. செவ்வாய் 4–2. புதன்கிழமை, யாங்கீஸின் திடலில், 10–3.